'வேற லெவல் சார்' என்றால் புரிந்தது என்று அர்த்தமா? பாட வீடியோக்களின் கமெண்டுகளைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நண்பர் ஒருவர் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறார். மாலையில் அதே பாடங்களை யூடியூபில் போடுவார். ஒருநாள் போனை நீட்டி, "கமெண்ட்டைப் பாருங்க, எல்லாருக்கும் புரிஞ்சிருக்கு" என்றார். பார்த்தேன். "வேற லெவல் சார்", "நன்றி ஐயா", "செம", கைகூப்பும் எமோஜி, சிவப்பு இதயம். கீழே இறங்க இறங்க அதேதான். நடுவில் ஒருவர் வெறுமனே "14:20 ???" என்று போட்டிருந்தார். இன்னும் கீழே வேறொருவர், "சார் 14ஆவது நிமிஷத்துல மைனஸ் எங்க போச்சு?" என்று கேட்டிருந்தார். அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால், சமன்பாட்டின் இரண்டாவது வரியில் குறி காணாமல் போயிருந்தது. பாராட்டியவர்கள் கண்ணில் அது படவே இல்லை. பட்ட இருவரின் கமெண்டுக்கும் ஒரு லைக்கூட விழவில்லை.

அன்றிலிருந்து பாட வீடியோக்களின் கமெண்டுகளை நான் வேறு மாதிரி படிக்கிறேன். பாராட்டு என்பது ஆசிரியருக்கும் மாணவருக்கும் உள்ள உறவைக் காட்டும். பாடம் புரிந்ததா என்பதை அது காட்டாது. புரிதலைத் தேட வேண்டிய இடங்கள் வேறு: கேள்விகள், நிமிடக் குறிப்புகள், எந்த மொழியில் எந்த எழுத்தில் எழுதுகிறார்கள் என்பது, யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது. 2021 நவம்பரில் டிஸ்லைக் எண்ணிக்கையை யூடியூப் பொதுப்பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. அதன்பிறகு வெளியாள் ஒருவர் ஒரு பாடத்தின் வரவேற்பை அறிய வேண்டுமென்றால் கமெண்டை விட்டால் பெரிதாக வழியில்லை.

இந்த வழிகாட்டி ஆசிரியர்களுக்கு, முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்களுக்கு, கல்வி சேனல் நடத்துபவர்களுக்கு. நிரலெழுதத் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் ஆறு, ஏழாம் படிகளை விட்டால் மற்றவற்றுக்கு ஓர் எக்செல் தாளே போதும்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பார்க்கப்போகிறேன்" என்று தொடங்கியவர்கள் கடைசியில் ஒரு வட்ட வரைபடத்தோடு நிற்பார்கள். இத்தனை சதவீதம் நேர்மறை, இத்தனை எதிர்மறை. அதை வைத்து ஆசிரியர் எதையும் மாற்ற முடியாது.

கேள்வி இப்படி இருக்கட்டும்: இந்தப் பாடத்தில் எந்த நிமிடத்தில் குழம்புகிறார்கள்? தமிழ்வழி மாணவரும் ஆங்கிலவழி மாணவரும் ஒரே வீடியோவில் வேறு வேறு குறை சொல்கிறார்களா? கீழடி பற்றிய உரைக்குக் கீழே தெரியும் கோபம் யார்மேல்? தேர்வு நெருங்க நெருங்க கமெண்டின் தொனி எப்படி மாறுகிறது? கேள்வி தெளிவாக இருந்தால் எந்த வீடியோ, எத்தனை கமெண்ட், எந்தக் காலம் என்பதெல்லாம் தானாக முடிவாகிவிடும்.

படி 2: வீடியோக்களைத் தேர்ந்தெடுத்து, கமெண்டுகளைச் சேகரியுங்கள்

அதிகம் பார்க்கப்பட்ட வீடியோவை மட்டும் எடுக்காதீர்கள். வைரலானதற்குப் பாடம் காரணமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆசிரியர் அடித்த ஒரு ஜோக்காகக்கூட இருக்கலாம். ஒரே பாடத்தை மூன்று நான்கு பேர் எடுத்த வீடியோக்களை ஒப்பிடுவதுதான் என் அனுபவத்தில் பலன் தருகிறது. குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்ட வீடியோக்களில் 2020 தொடக்கத்திலிருந்து கமெண்ட் பகுதியே கிடையாது. ஆகவே தொடக்கப்பள்ளிப் பாடங்களை இந்த வழியில் ஆராய நினைக்காதீர்கள்.

முந்நூறு கமெண்ட் வரை கையால் நகலெடுக்கலாம். அதற்கு மேல் போனால் யூடியூபின் ஏபிஐ (நிரல்வழியே தரவைக் கேட்டு வாங்கும் வாசல்) தேவை. ஒரு நாளைக்கு இயல்பாகக் கிடைக்கும் ஒதுக்கீடு 10,000 அலகு. கமெண்ட் பட்டியலைக் கேட்கும் ஓர் அழைப்புக்கு 1 அலகு செலவாகும், ஒரு முறைக்கு 100 கமெண்ட் வரை வரும். ஒரு முனைவர் பட்டத்துக்கு இது தாராளம். சிக்குவது மூன்று இடங்களில்.

முதலாவது, பதில்கள். முதல் அழைப்பில் ஒரு கமெண்டுக்குக் கீழே உள்ள பதில்களில் சிலதான் வரும். மீதியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சினிமா டிரெய்லர் என்றால் விட்டுவிடலாம், பாட வீடியோவில் விடவே கூடாது. "ப்ரோ அது 5 இல்ல, 50" என்று ஒரு மாணவன் இன்னொரு மாணவனுக்குச் சொல்லிக்கொடுப்பது அங்கேதான் நடக்கிறது.

இரண்டாவது, வரிசை. திரையில் முதலில் தெரிவது யூடியூப் தேர்ந்தெடுத்து மேலே வைத்தவை. அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள், நேர வரிசையில் எடுங்கள்.

மூன்றாவது, நேரம். ஏபிஐ தரும் நேரம் உலகப் பொது நேரம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால், தேர்வன்று விடிகாலை மூன்று மணிக்குப் பதறி எழுதியவனின் கமெண்ட் முந்தின நாள் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

படி 3: எந்தக் கருவியும் இல்லாமல் இருநூறு கமெண்டைப் படியுங்கள்

இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். தயவுசெய்து குதிக்காதீர்கள். ஒரு டீயோடு உட்கார்ந்து, எதையும் வகைப்படுத்தாமல், இருநூறை வரிசையாகப் படியுங்கள். கண்ணில் படுகிற வினோதங்களை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நான் குறித்தவற்றில் சில:

"நாளைக்கு எக்ஸாம், யாரெல்லாம் இப்ப பாக்குறீங்க, ஒரு லைக் போடுங்க." இது பாடத்தைப் பற்றியே அல்ல. பயந்துபோன ஒருவன் இருட்டில் கூட்டாளி தேடுகிறான்.

"எங்க ஸ்கூல்ல ஒரு வருஷமா புரியாதது இருபது நிமிஷத்துல புரிஞ்சிருச்சு." பாட வீடியோக்களின் கீழே அடிக்கடி வரும் வகை இது. ஒரே வாக்கியத்தில் ஒருவருக்கு மாலை, இன்னொருவருக்கு அடி.

"ஃபர்ஸ்ட் கமெண்ட்." சொல்ல ஒன்றுமில்லை.

"கொன்னுட்டீங்க சார்." "பின்னிட்டீங்க." "பயங்கரமா இருக்கு." மூன்றும் பாராட்டு. "நல்லா நடத்துனீங்க போங்க." இதில் 'நல்லா' இருந்தாலும் வாக்கியத்தின் உயிர் அந்தப் 'போங்க'வில் இருக்கிறது. "கிழிச்சீங்க" என்றால் சொல்லவே வேண்டாம். கடுமையான சொல்லால் புகழ்வதும் இனிக்கும் சொல்லால் குத்துவதும் நம் பேச்சில் அன்றாடம். அகராதி வைத்து நேர்மறை எதிர்மறைச் சொற்களை எண்ணும் முறை தமிழில் ஏன் தடுக்கி விழுகிறது என்பது இந்த இருநூறைப் படித்தாலே விளங்கிவிடும்.

படி 4: நான்கு பத்திகள் போடுங்கள்

மொத்த வேலையின் முதுகெலும்பு இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பேசுகிறேன். ஒவ்வொரு கமெண்டுக்கும் எதிரே நான்கு பத்திகள் (எக்செல் தாளின் நெடுவரிசைகள்): மொழி, செயல், உணர்வு, இலக்கு.

மொழிப் பத்தியில் 'தமிழ், ஆங்கிலம், கலப்பு' என்று மூன்றோடு நிறுத்தினால் பாதி விஷயம் தொலைந்துபோகும். நான் ஐந்து வைத்துக்கொள்கிறேன்: தமிழ் எழுத்தில் எழுத்துவழக்கு, தமிழ் எழுத்தில் பேச்சுவழக்கு, ரோமன் (ஆங்கில) எழுத்தில் தமிழ், தமிழும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில், முழு ஆங்கிலம். ஏன் இவ்வளவு? ஏனென்றால் ஒரே ஆளே தேவைக்குத் தக்கபடி மாற்றி எழுதுகிறார். "தங்கள் கல்விப்பணி மேன்மேலும் சிறக்க வாழ்த்துகள்" என்பது விழா மேடையின் மொழி. அதை எழுதியவர் பெரும்பாலும் மாணவராக இருக்க மாட்டார். இன்னொரு ஆசிரியர், பெற்றோர், ஓய்வு பெற்ற பெரியவர் என்று யாராவதாக இருப்பார். நன்றி மட்டும் சொல்ல வந்தவர் ஆங்கிலத்தில் இரண்டு சொல் தட்டிவிட்டுப் போவார். சந்தேகம் வந்ததும் அதே ஆள் ரோமன் எழுத்துத் தமிழுக்கு இறங்கிவிடுவார். அவசரத்துக்கும் அந்தரங்கத்துக்கும் அந்த எழுத்துதான் கைக்கு வருகிறது. நான் பார்த்தவரை, புரியாமைக்கு ரோமன் எழுத்துத் தமிழ்தான் தாய்வீடு. அதை 'தமிழ் அல்லாதது' என்று வடிகட்டி எறிந்துவிட்டு, மாணவர்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று அறிக்கை எழுதுவது சுலபம்.

வட்டாரமும் இந்தப் பத்தியில்தான் தெரியும். "புரியல சார்" என்பவர் தமிழ்நாட்டுக்காரர். "விளங்கேல்ல சேர்" என்பவர் யாழ்ப்பாணத்துப் பக்கம். அவர் கேட்பது இலங்கையின் உயர்தரப் பாடத்திட்டத்தை, நீங்கள் நடத்துவது தமிழ்நாட்டுப் பாடநூலை. அவருடைய குழப்பத்துக்குக் காரணம் உங்கள் விளக்கமாக இருக்க வேண்டியதில்லை, கலைச்சொல்லாக இருக்கலாம். இங்கே 'வேதியியல்' என்பதை அங்கே 'இரசாயனவியல்' என்பார்கள், இங்கே 'இயற்பியல்' அங்கே 'பௌதிகவியல்'. இந்த ஒரு வேறுபாட்டைத் தனியாகக் குறித்துவைத்தால் ஆசிரியருக்கு உடனே ஒரு பயன் கிடைக்கும்: அடுத்த வீடியோவில் இரண்டு சொல்லையும் ஒருமுறை சொல்லிவிட்டுப் போகலாம்.

அடுத்தது மொழியைப் பற்றிய கமெண்டுகள். பாட வீடியோக்களில் இது ஒரு தனிச் சண்டைக்களம். "டெர்ம்ஸ் மட்டும் இங்கிலீஷ்ல சொல்லுங்க சார்" என்று ஆங்கிலவழிப் பையன் கேட்பான். அதற்குக் கீழேயே "தமிழ் மீடியம் ஸ்டூடன்ட்ஸையும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க" என்று ஒரு பெண் எழுதியிருப்பாள். 'முடுக்கம்' என்று சொன்னால் ஒரு பாதி முகம் சுளிக்கும், 'ஆக்சிலரேஷன்' என்று சொன்னால் மறுபாதி. மூன்றாவதாக ஒருவர் வந்து, ஆசிரியரின் 'ழ' 'ள' உச்சரிப்பைத் திருத்திவிட்டுப் போவார். இவற்றை எதிர்மறை என்ற மூட்டையில் கட்டிப் போடாதீர்கள். இவர்கள் எல்லாருமே பாடத்தைக் கேட்க விரும்புகிறவர்கள், தங்களுக்கும் ஒரு பெஞ்ச் கேட்கிறார்கள்.

செயல் பத்தி: இந்தக் கமெண்ட் என்ன செய்கிறது? நன்றி சொல்கிறதா, புரிந்தது என்கிறதா, புரியவில்லை என்கிறதா, குறிப்பிட்ட சந்தேகம் கேட்கிறதா, பிழை திருத்துகிறதா, அடுத்த பாடம் வேண்டுகிறதா, பிறருக்குப் பதில் சொல்கிறதா, தேர்வுப் பதற்றத்தைப் பகிர்கிறதா, சண்டை போடுகிறதா, சம்பந்தமே இல்லாததா. ஒரு கமெண்டுக்கு இரண்டு செயல் இருந்தால் இரண்டையும் குறியுங்கள். "சூப்பர் சார், ஆனா 7:35ல ஏன் இரண்டால வகுத்தீங்க?" என்பதில் 'சூப்பர் சார்' என்பது கதவைத் தட்டும் ஓசை, விஷயம் பின்னால் வருகிறது. நம்மூரில் ஆசிரியரிடம் நேரடியாகக் கேள்வி கேட்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம், ஆகவே ஒரு பாராட்டை முன்னால் அனுப்பிவிட்டுத்தான் கேள்வி உள்ளே வரும். முதல் இரண்டு சொல்லை மட்டும் பார்க்கும் எந்த முறையும் இதை நேர்மறையில் போட்டுவிடும்.

உணர்வுப் பத்தியில் நேர்மறை, எதிர்மறை, கலவை, நடுநிலை என்ற நான்கே பலருக்குப் போதும். எனக்குப் போதவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை எடுத்து வைத்துப் பாருங்களேன் என்று ஒரு தமிழாசிரியர் சொன்னபோது முதலில் சிரித்தேன். பிறகு முயன்றேன். நகை, அழுகை, இளிவரல் (தாழ்வுணர்ச்சி), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என்ற எட்டும் ஆச்சரியமாகப் பொருந்தின. கருந்துளை பற்றிய வீடியோவின் கீழே "தலையே சுத்துது" என்பது மருட்கை. அதை எதிர்மறை என்பதா? தேர்வுக்கு முந்தின இரவு அச்சம். "நான் தான் முட்டாள் போல, எல்லாருக்கும் புரியுது, எனக்கு மட்டும் புரியல" என்பது இளிவரல். வெறும் 'எதிர்மறை' என்று எழுதினால், அந்தப் பிள்ளை பாடத்தைத் திட்டுகிறதா தன்னையே திட்டிக்கொள்கிறதா என்பது தெரியாமல் போகும். நகைக்கான காரணங்களில் எள்ளலும் இருக்கிறது, கேலி கமெண்டுகளுக்கு அங்கே இடம் உண்டு. பெருமிதம் பிறக்கும் நான்கு இடங்களில் தொல்காப்பியம் முதலில் வைப்பது கல்வியை. எட்டும் கனமாகத் தோன்றினால் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அச்சத்தையும் இளிவரலையும் மட்டும் தனியாக வையுங்கள்.

நான்காவது இலக்கு. யார்மேல் இந்த உணர்வு? பாடத்தின்மேலா, ஆசிரியர்மேலா, தன்மேலா, தன் பள்ளிமேலா, பாடநூல்மேலா, தேர்வு வாரியத்தின்மேலா, அரசின்மேலா, சக கமெண்ட்காரர்மேலா? தொல்லியல் உரைகளில் இந்தப் பத்தி இல்லாமல் ஓரடிகூட நகர முடியாது. 2019 செப்டம்பரில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் கீழடி அறிக்கை அங்கிருந்த குடியிருப்பின் காலத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனது. 2025 ஜனவரியில் இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை, சிவகளை அகழாய்வு மாதிரிகளை வைத்துக் கி.மு. 4ஆம் ஆயிரமாண்டைப் பேசியது. இவற்றைப் பற்றிய உரை ஒன்றின் கீழே "இதையெல்லாம் ஏன்டா இத்தனை நாளா பாடப்புத்தகத்துல வைக்கல" என்று ஒருவர் கொதிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொற்களை எண்ணும் கருவிக்கு இது கடும் எதிர்மறை. உண்மையில் உரையாளரை அவர் தோளில் தூக்கி வைத்திருக்கிறார், 'டா' போய்ச் சேரும் முகவரி வேறு. இலக்குப் பத்தி இல்லையென்றால், கூட்டம் ஆரவாரமாக ஏற்றுக்கொண்ட ஓர் உரையை 'எதிர்ப்பைச் சந்தித்த உரை' என்று எழுதிவிடுவீர்கள்.

பெண் ஆசிரியர்கள் நடத்தும் சேனல்களில் இலக்குப் பத்தியில் இன்னொரு வரிசை தேவைப்படும்: தோற்றம், குரல், புடவை. "மேம் வாய்ஸ் க்யூட்" என்பதும், வயதில் மூத்த ஆசிரியையை "தங்கச்சி நல்லா சொல்றே" என்று தட்டிக்கொடுப்பதும் எந்தக் கருவியிலும் நேர்மறை மதிப்பெண் வாங்கும். அவை பாடத்துக்கான வரவேற்பு அல்ல. அவற்றைக் கழித்துவிட்டுப் பாருங்கள், ஆண் ஆசிரியருக்கும் பெண் ஆசிரியருக்கும் கிடைக்கும் 'நேர்மறை'யின் உள்ளடக்கம் எப்படி மாறுகிறது என்று.

விளிச்சொல்லை மொழிப் பத்தியிலேயே ஓர் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்: சார், சேர், மேம், ஐயா, அண்ணா, அக்கா, ப்ரோ, தோழர். 'ஐயா' என்பவர் அதிகம் கேள்வி கேட்க மாட்டார். 'அண்ணா' என்பவர் கேட்பார், பதில் வரவில்லையென்றால் மறுபடியும் கேட்பார்.

படி 5: இன்னொருவரையும் உட்கார வையுங்கள்

நீங்கள் மட்டும் குறித்தது உங்கள் கருத்து. இருவர் தனித்தனியாகக் குறித்துப் பொருந்தினால்தான் அது தரவு. இருநூறு கமெண்டை உங்கள் குறிப்பைக் காட்டாமல் இன்னொருவரிடம் கொடுங்கள். அவர் மாணவ வயதில் இருந்தால் உத்தமம், நாற்பது வயதுக்காரருக்கு 'தரமான சம்பவம்' பாராட்டா கிண்டலா என்று தெரியாது.

ஒத்துப்போன சதவீதத்தை அப்படியே எழுதாதீர்கள். காரணத்தை ஒரு கணக்கில் காட்டுகிறேன். 200 கமெண்டில் 160 இல் இருவரும் ஒரே விடை, அதாவது 80 சதவீதம். நீங்கள் 140 ஐ நேர்மறை என்றீர்கள், அவர் 150 ஐ. நேர்மறை இவ்வளவு அதிகமாக இருக்கும்போது, இருவரும் கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலே 0.70 பெருக்கல் 0.75, அதோடு 0.30 பெருக்கல் 0.25, ஆக 0.60 ஒத்துப்போயிருக்கும். தற்செயலை நீக்கிப் பார்க்கும் கோஹனின் கப்பா என்னும் அளவீடு: 0.80 இலிருந்து 0.60 ஐக் கழித்து, 1 இலிருந்து 0.60 ஐக் கழித்ததால் வகுக்க வேண்டும். 0.20 வகுத்தல் 0.40, விடை 0.5. எண்பது சதவீதம் என்று மார்தட்டியது பாதிக்கு வந்துவிட்டது.

0.5 வந்தால் மனம் தளராதீர்கள். தமிழ்-ஆங்கிலக் கலப்புக் கமெண்டுகளுக்காக 2020 இல் வெளியான பெரிய தரவுத்தொகுப்பில் மொத்தம் 15,744 யூடியூப் கமெண்டுகள். அதில் குறிப்பாளர்களுக்கு இடையிலேயே ஒப்புமை (அங்கே பயன்பட்டது கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா என்ற வேறோர் அளவு) 0.6 ஐச் சற்றே தாண்டியதுதான். முரண்பட்ட கமெண்டுகளை எடுத்து இருவரும் பேசுங்கள், சண்டையே போடுங்கள். எந்த இடத்தில் வேறுபட்டீர்கள் என்பது உங்கள் விதிப்புத்தகத்தின் அடுத்த பக்கம். "'வாழ்க வளமுடன்' நன்றியா, வெறும் கையெழுத்தா?" போன்றவற்றை எழுதி முடிவு செய்துவிட்டு, அடுத்த இருநூறில் மறுபடி அளவெடுங்கள்.

படி 6: சுத்தம் செய்கிறேன் என்று பாடத்தையே துடைத்துவிடாதீர்கள்

நிரலெழுதுபவர்களுக்கான படி இது. மற்றவர்கள் எட்டாம் படிக்குப் போகலாம்.

பைத்தானில் பலரும் யோசிக்காமல் பயன்படுத்தும் சொல்பிரிப்பு முறை ஒன்று உண்டு. சைகிட்-லேர்ன் என்ற நிரல்தொகுப்பின் சொல் எண்ணும் கருவியில் இயல்பாக வருவது அது. தமிழின் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாக எண்ணுவதில்லை, அவை வரும் இடத்தில் சொல்லை வெட்டிவிடும். வெட்டிய துண்டு ஒரே எழுத்தாக இருந்தால் தூக்கி எறிந்துவிடும். விளைவைப் பாருங்கள். 'நன்றி' என்பது 'நன' ஆகிவிடும். 'புரியல' என்பதில் 'யல' மட்டும் மிஞ்சும். 'புரியுது' என்பதில் எல்லாமே ஒற்றை எழுத்துத் துண்டுகள், ஆக அந்தச் சொல்லே ஆவியாகிவிடும். புரிந்தவர்கள் மொத்தமாகக் காணாமல் போவார்கள், புரியாதவர்கள் அரைகுறையாக நிற்பார்கள். பிழைச்செய்தி எதுவும் வராது, நிரல் அமைதியாக ஓடி முடிந்து ஒரு வரைபடத்தையும் தந்துவிடும். தீர்வு எளியது: இடைவெளியை வைத்துப் பிரியுங்கள், அல்லது தமிழின் குறிகளையும் ஏற்கும்படி விதியை மாற்றுங்கள். முதல் ஐம்பது கமெண்டில் என்னென்ன சொற்கள் வந்திருக்கின்றன என்று அச்சடித்துக் கண்ணால் பாருங்கள்.

வேறு சில: 'கொ' போன்ற எழுத்துகளை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. எல்லாவற்றையும் ஒரே இயல்பு வடிவத்துக்கு மாற்றிவிட்டு எண்ணத் தொடங்குங்கள். எண்களை நீக்காதீர்கள், பாட வீடியோவில் '14:20' என்பதைவிட மதிப்புள்ள சொல் கிடையாது. எமோஜியையும் நீக்காதீர்கள். 'செமமமம' போன்ற நீட்டல்களைச் சுருக்குங்கள், ஆனால் நீட்டினார் என்பதைத் தனிப் பத்தியில் வையுங்கள். ஆங்கிலத்துக்கான நீக்கற்சொல் (பொருள் குறைவென்று எண்ணுமுன் விலக்கும் சொல்) பட்டியலைப் பார்த்துத் தமிழுக்கும் ஒன்று செய்து 'இல்லை', 'ஆனா', 'மட்டும்' ஆகியவற்றைக் களைபவர்கள் இருக்கிறார்கள். "எனக்கு மட்டும் புரியல" என்ற கமெண்டில் 'மட்டும்' போனால் என்ன மிஞ்சும்?

ரோமன் எழுத்துத் தமிழுக்கு எழுத்துக்கூட்டு விதி கிடையாது. 'புரியல' ஒன்றையே ஓ போட்டு ஒருவர், யூ போட்டு ஒருவர், 'எல்' எழுத்தை இரட்டித்து ஒருவர், கடைசி 'ஏ' எழுத்தை இழுத்து ஒருவர் என்று எழுதுவார்கள். இவற்றைத் தமிழ் எழுத்துக்கு மாற்ற ஏஐ4பாரத் குழுவின் இண்டிக்-எக்ஸ்லிட் போன்ற கருவிகள் இருக்கின்றன. ஆனால் அதே வாக்கியத்தில் உள்ள ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கி வைக்கும். முதலில் சொல்லுக்குச் சொல் மொழியைக் கண்டறிந்து, தமிழென்று பட்டதை மட்டும் மாற்றுங்கள். ஐந்தாயிரத்துக்குக் குறைவான கமெண்ட் என்றால், அடிக்கடி வரும் நூறு சொற்களுக்குக் கையாலேயே ஓர் அட்டவணை போடுவது இதைவிட வேகம்.

படி 7: இயந்திரத்திடம் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது

கையால் குறித்த ஆயிரம் கமெண்ட் இருந்தால் ஒரு மாதிரியை (அவற்றைப் பார்த்து வகைப்படுத்தக் கற்றுக்கொள்ளும் நிரலை) பயிற்றலாம். ரோமன் எழுத்துத் தமிழையும் பயிற்சியில் பார்த்த மாதிரிகளைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்எல்எம்-ஆர் அப்படிப்பட்டது, கூகுளின் முரில் இந்திய மொழிகளின் எழுத்துப்பெயர்ப்பையும் சேர்த்தே பயின்றது. இன்றைய பெரிய உரையாடல் மாதிரிகளிடம் நேரடியாகக் கேட்டாலும் ஓரளவு சரியாகவே வகைப்படுத்தும், எள்ளலில்தான் இன்னும் சறுக்கும்.

மேலே சொன்ன 15,744 கமெண்ட் தொகுப்பை எடுத்துப் பயிற்றிவிட்டு அப்படியே பாட வீடியோவுக்குப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். அது சினிமா டிரெய்லர்களுக்குக் கீழே எடுத்தது. அதற்குத் தெரிந்த உலகம் தலைவர், தல, தளபதி. 'உந்தம்', 'ஸ்டெப் மார்க்', 'குரூப் 4 கட்-ஆஃப்' எதுவும் அதற்குப் பழக்கமில்லை. இன்னொன்றும் உண்டு: அந்தத் தொகுப்பில் 10,559 கமெண்டுகள், அதாவது சுமார் 67 சதவீதம், நேர்மறை. எதைக் கொடுத்தாலும் 'நேர்மறை' என்று சொல்லும் மடக் கருவிகூட அங்கே 67 சதவீதம் சரியாக இருக்கும். ஆகவே 'எங்கள் மாதிரியின் துல்லியம் 70 சதவீதம்' என்று யாராவது சொன்னால் பயந்துவிடாதீர்கள். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி எஃப்1 மதிப்பெண்ணை (அந்த வகையைத் தவறவிடாமலும், பிறவற்றைத் தவறாகச் சேர்க்காமலும் எவ்வளவு பிடித்தது என்ற அளவை) கேளுங்கள். அதிலும் 'புரியவில்லை' வகைக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

என் வழக்கம்: மொழிப் பத்தியையும் நிமிடக் குறிப்புகளையும் இயந்திரத்திடம் விடுவேன், செயல் பத்தியில் அது சொன்னதைச் சரிபார்ப்பேன், இலக்குப் பத்தியை அதனிடம் கொடுக்கவே மாட்டேன்.

படி 8: எண்ணுங்கள், ஆனால் நேரத்தோடு சேர்த்து

மொத்தக் கூட்டுத்தொகை அதிகம் சொல்லாது. கமெண்டுகளை வாரவாரியாக அடுக்குங்கள். தமிழ்நாட்டுப் பாட வீடியோ என்றால் மார்ச் பொதுத்தேர்வை ஒட்டி ஒரு மலை எழும். வீடியோ வெளியான முதல் வாரத்தில் வருபவர்கள் சேனலின் சொந்தக்காரர்கள் மாதிரி, பாராட்டு அவர்களிடமிருந்து வரும். மார்ச்சில் வருபவர்கள் தேடிப்பிடித்து வந்தவர்கள். அவர்கள் நன்றி சொல்ல நேரமில்லாதவர்கள், நேராகச் சந்தேகத்துக்குப் போவார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால் இருவரைப் பற்றியும் பொய் சொல்வதாகிவிடும்.

பிறகு நிமிட வரைபடம். கமெண்டுகளில் உள்ள நேரக் குறிப்புகளை எல்லாம் எடுத்து, வீடியோவின் நீளத்தை ஒரு கோடாக வரைந்து அதன்மேல் புள்ளி வையுங்கள். ஒரே இடத்தில் புள்ளிகள் குவிந்தால் அங்கே ஏதோ இருக்கிறது: பிழையோ, வேகமோ, ஜோக்கோ. எது என்பதைச் செயல் பத்தி சொல்லும். லைக்கை வைத்து எடை போடாதீர்கள், குறி விட்டதைக் கண்டுபிடித்த அந்த இருவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை அறிக்கையில் கட்டாயம் எழுதுங்கள்: கமெண்ட் எழுதுபவர்கள் பார்ப்பவர்களில் ஒரு சிறு பகுதி. அப்பாவின் போனில் பார்க்கும் பெண், அவர் பெயரில் கமெண்ட் போட மாட்டாள். சேனல்காரர் நீக்கியவையும், யூடியூப் நிறுத்தி வைத்தவையும் உங்கள் தாளில் இல்லை.

படி 9: பிள்ளைகளின் பெயரை வெளியே விடாதீர்கள்

பொதுவெளியில் எழுதியதுதானே என்பார்கள். 2023 இன் இந்திய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவர் தானாகவே பொதுவில் வைத்த தகவலுக்குப் பொருந்தாதுதான். ஆனால் "எனக்கு மட்டும் புரியல, நான் முட்டாள்" என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுதிய பதினேழு வயதுப் பிள்ளை, ஒரு ஆய்வேட்டில் மேற்கோளாக நிற்கச் சம்மதித்தா எழுதியது? கமெண்டை எழுத்து மாறாமல் போட்டால், தேடுபொறியில் போட்டு ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பெயர், படம், கணக்கு முகவரி மூன்றையும் முதல் நாளே தாளிலிருந்து அழியுங்கள். எடுத்துக்காட்டு தேவைப்பட்டால் பொருள் மாறாமல் சொல்லை மாற்றி எழுதுங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள கமெண்டுகளும் அப்படி மாற்றி எழுதியவையே.

படி 10: ஆசிரியரிடம் ஒரே ஒரு பக்கம் கொடுங்கள்

ஆய்வேடு நூறு பக்கம் போகட்டும். பாடம் நடத்தியவருக்கு வேண்டியது ஒரு பக்கம். அதில் குழம்பும் நிமிடங்கள் மூன்று, பிழைதிருத்தம் இருந்தால் அது, அதிகம் கேட்கப்பட்ட சந்தேகம் ஐந்து, மொழி பற்றிய கோரிக்கைகள், பதில் கிடைக்காமல் நிற்கும் கேள்விகளின் பட்டியல். சதவீதம் வேண்டாம். பாராட்டுகளை அவரே ஏற்கெனவே படித்திருப்பார்.

என் இயற்பியல் நண்பருக்கு அப்படி ஒரு பக்கம் கொடுத்தேன். 14:20 ஐப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். மறுநாள் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எடுத்துப் போட்டு, பழைய வீடியோவின் மேலே ஒரு கமெண்டைப் பின் செய்தார்: "குறி தவறிவிட்டது, மன்னிக்கவும். திருத்தம் அடுத்த வீடியோவில். கண்டுபிடித்த இருவருக்கும் நன்றி." அதற்குக் கீழே முதல் பதில், எதிர்பார்த்தபடியே, "வேற லெவல் சார்".